காஞ்சிபுரத்துக்குப் போன சோள மூட்டை

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போய்ப் பட்டுப் புடவைப் பையோடு திரும்புவார்கள். நான் சோள மூட்டையோடு போனேன். எங்கள் ஊர் தாராபுரத்துக்குப் பக்கம். அங்கிருந்து பார்த்தால் காஞ்சிபுரம் எனக்கு வெளிநாடுதான். பாஸ்போர்ட் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகன் கார்த்தி ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அங்கேயே அலுவலகத்தில் இருக்கும் பவித்ரா என்ற பெண்ணைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். பவித்ராவின் அப்பா ஏகாம்பரம் காஞ்சிபுரத்தில் பட்டு நெசவு செய்கிறவர். அவர் முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "சோளக்காட்டுக்கா பொண்ணு குடுக்கறது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம். அதற்கப்புறம் யார் அந்தப் பேச்சை எடுத்தாலும் எழுந்துபோய்த் தறியில் உட்கார்ந்துவிடுவாராம். தறிச் சத்தத்தில் யார் பேச்சும் எடுபடாது.

அந்த மனிதர் ஒரு 'சரி' சொன்னால்தான் கல்யாணம். அப்பா சொல்லாமல் வரமாட்டேன் என்று பவித்ராவும் திட்டமாகச் சொல்லிவிட்டாள். என் மகன் போனில் பேசும்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

வழி சொன்னது பவித்ராவின் அம்மா சுலோச்சனாதான். "பட்டு எடுக்க வர்ற மாரி வாங்கக்கா. கோயிலுக்கு வர்றவங்களுக்கு வுடற மாடி ரூமு காலியாத்தான் இருக்குது. கொஞ்ச நாளு இருந்து பழகினா அவரே வழிக்கு வந்துடுவாரு" என்றாள். வீட்டுக்காரர் மாட்டைக் காரணம் காட்டி நழுவிக்கொண்டார். கார்த்தி ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டான்: "அம்மா, அங்கே மட்டும் கோபப்படாதே." எனக்குக் கோபம் வரும் என்று இவன் எப்படி முடிவு பண்ணினான் என்று எனக்குக் கோபம் வந்தது.

லட்டு வாங்கிக்கொண்டு போ என்றார் வீட்டுக்காரர். சோளக்காட்டைச் சொன்னவர் வீட்டுக்குச் சோளத்தைத்தான் கொண்டு போவேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நான்கு துணிப்பைகளில் நான்கு வகைச் சோளம் கட்டி, எல்லாவற்றையும் ஒரு கோணிக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர் மூட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"பட்டுக்குத்தானம்மா? வா, நம்ம கடை ஒண்ணு இருக்குது."

"பட்டு வேண்டாமுங்க. ஒரு வீட்டுக்குப் போகோணும்."

"காஞ்சிபுரம் வந்துட்டு பட்டு வேணான்றியே. இன்னாமா நீ."

எங்கள் ஊரில் வழி கேட்டால் கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார்கள். இங்கேயும் காட்டினார்கள், ஆனால் வழியில் இரண்டு பட்டுக் கடைகளையும் சேர்த்துக் காட்டினார்கள். இரண்டாவது கடையில் கூல்டிரிங்க்ஸ் கொடுத்து உட்கார வைத்தார்கள். விற்பனைக்கு நின்ற பையன் மூட்டையைப் பார்த்து என்ன என்று கேட்டான். பிரித்துக் காட்டினேன். "கோயில் புறாவுக்குப் போடறதா? நல்ல மனசுமா உங்களுக்கு" என்றான். கூல்டிரிங்க்ஸை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஏகாம்பரம் வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு. நான் யார் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அந்தத் தெருவுக்கே தெரியும்.

"வாங்க மேடம். பட்டு பாக்க வந்திருக்கீங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

உட்கார வைத்து மயில்கண், ருத்திராட்சம் என்று கரை கரையாகக் காட்டினார். நானும் எடுக்க வந்தவள் மாதிரியே தடவிப் பார்த்தேன். பக்கத்து அறைக் கதவிடுக்கில் பவித்ரா நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண், ஆனால் நகத்தை விடமாட்டாள் போலிருந்தது. பைகளை எடுத்துச் சுலோச்சனாவிடம் கொடுத்தேன். ஏகாம்பரம் ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு எழுந்துபோய்த் தறியில் உட்கார்ந்தார்.

இந்த ஊரில் சேவல் கூவுவதற்கு முன்னால் தறி கூவிவிடுகிறது. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்க வேண்டுமென்றால் நாம்தான் வரப்பு வரை நடந்து போகவேண்டும். இங்கே சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், சண்டை தானாகவே வந்து சேருகிறது.

மறுநாள் என் வேலையை ஆரம்பித்தேன். முதலில் பொரிச் சோளம். சின்ன மணி, கெட்டித் தோல். காய்ந்த சட்டியில் போட்டு மூடினால் படபடவென்று வெடித்து மல்லிகைப் பூவாகிவிடும். கார்த்திகைக்கு எங்கள் வீட்டில் இதில்தான் வெல்லப்பாகு ஊற்றி உருண்டை பிடிப்போம். ஒரு தட்டு நிறையப் பொரித்து, மிளகும் உப்பும் தூவி, சுலோச்சனாவிடம் கொடுத்துத் தறி மேடை ஓரமாக வைக்கச் சொன்னேன். ஏகாம்பரத்தின் கை வேலையில் இருக்க, வாய் தன்பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது. பாதித் தட்டு காலியானது.

"பொரி நல்லாக்கீது சுலோ. எந்தக் கடை?"

"கடையாவது. அக்கா கொண்டாந்த சோளம்."

அவர் கை தட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பிறகு துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி இழை ஓட்டும் நாடாவைப் பிடித்தது. மிச்சப் பாதியை நானும் பவித்ராவும் மாடியில் உட்கார்ந்து தின்றோம்.

அடுத்து வெள்ளைச் சோளம். எங்களிடம் இருப்பதிலேயே நல்ல பிள்ளை இதுதான். சோறு ஆகும், களி ஆகும், தோசை ஆகும், கஞ்சி ஆகும், எதிலும் முரண்டு பிடிக்காது. உளுந்து சேர்த்து அரைத்துப் பணியாரம் சுட்டேன். ஏகாம்பரம் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஷுகர் இல்ல மேடம்."

"நல்லா இருக்கறவங்களும் திங்கலாமுங்க."

"டாக்டர் சொன்னா சாப்புடறேன்" என்றார் மரியாதையாக.

இந்தக் காலத்தில் சோளத்துக்கு வந்த கேட்டைப் பாருங்கள். போன தலைமுறையில் இல்லாதவர்கள் சாப்பாடு என்றார்கள், இப்போது நோயாளி சாப்பாடு என்கிறார்கள். நடுவில் சும்மா பசித்தவன் சாப்பிட ஒரு பத்து வருஷமாவது விட்டிருக்கலாம்.

எனக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது. அந்த ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்த குடலை இட்லியில் கை வைப்பது என்று முடிவு செய்தேன். மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் போட்டு, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேக வைக்கிற இட்லி அது. அதில் அரிசிக்குப் பதில் செஞ்சோளம். செஞ்சோளம் கொஞ்சம் துவர்க்கும். ஊறவைத்துத் தாஜா பண்ணினால் வழிக்கு வரும். முதலில் ரவை பதத்துக்கு உடைக்க வேண்டும். பக்கத்து மாவு மில்காரர், அரிசி, கேழ்வரகு, மிளகாய் தவிர வேறு எதையும் கண்ணால் பார்த்ததில்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

மூன்று பேர் உட்காருகிற இடத்தில் ஐந்து பேர், மடியில் செஞ்சோளப் பை. எதிரே இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஊரில் பாதித் தெரு தெலுங்கு பேசும், எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. "இந்த அம்மா பையை இப்படிக் கட்டிப் பிடித்திருக்கிறாளே, உள்ளே ஜரிகையா?" என்றாள் ஒருத்தி. "முகத்தைப் பார்த்தால் ஜரிகை வாங்குகிற முகமாகவா இருக்கிறது?" என்றாள் மற்றவள். இறங்கும்போது தெலுங்கில் நல்ல பதிலாக ஒன்று சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் கோத்துக்கொண்டே வந்தேன்.

சொல்ல விடவில்லை. ஸ்பீடு பிரேக்கரில் ஆட்டோ ஏறி இறங்கிய வேகத்தில் பையின் தையல் விட்டது. வரதராஜப் பெருமாள் கோயில் தெருவெங்கும் செஞ்சோளம் உருண்டது. எங்கிருந்துதான் வந்தனவோ, புறாக்கள் கூட்டமாக இறங்கின. அதே இரண்டு பெண்களும் இறங்கி என்னோடு குனிந்து பொறுக்கினார்கள். போகிற வருகிற பக்தர்கள் நான் புறாவுக்குத் தீனி போடுகிறேன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பட்டுக் கடைப் பையன் வாய் பலித்துவிட்டது.

மிஞ்சிய கொஞ்சத்தை மில்லில் கொடுத்தேன். அவர் மிளகாய் அரைத்த கையோடு அதையும் போட்டு உடைத்துக் கொடுத்தார். அன்று மாலை நான் வேகவைத்து இறக்கிய இட்லி செக்கச் செவேலென்று இருந்தது, வெந்தபின் கெட்டியாகவும் ஆகிவிட்டது, கூடவே கண்ணில் நீர் வர வைத்தது. ஏகாம்பரத்தின் தம்பி குமரேசன் ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"செவிலிமேட்டுல ஊடு கட்டிக்கினு இருக்கேன். அண்ணி, இதுல ஒரு லோடு கெடைக்குமான்னு அந்தம்மாவ கேளு."

எல்லாரும் சிரித்தார்கள். ஏகாம்பரம்கூடத் தறியிலிருந்து சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் மாடிக்குப் போனதும் அழுகை வந்தது. இட்லிக்காக இல்லை. வந்த நாளிலிருந்து அந்த மனிதர் என்னை "மேடம்" என்றுதான் கூப்பிட்டார். கரை காட்டினார், முந்தி காட்டினார், மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கார்த்தி போன் பண்ணி என்னம்மா ஆச்சு என்று கேட்டான். பட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கடைசி முயற்சியாகக் கஞ்சி வைப்பது என்று தீர்மானித்தேன். இருங்குச் சோளம் என்று ஒன்று மிச்சம் இருந்தது. கறுப்பு, முரடு, மழை பொய்த்தாலும் விளையும். மாட்டுக்கும் ஆகும், மனிதனுக்கும் ஆகும். ஆனால் இருக்கிற நிலைமையில் மாட்டுக்கும் ஆகிற ஒன்றை அவருக்குக் காய்ச்சிக் கொடுக்கத் தைரியம் வரவில்லை. வெள்ளைச் சோளத்தையே நொய்யாக உடைத்துக் காய்ச்சி, தண்ணீர் ஊற்றிப் புளிக்க விட்டேன். காலையில் மோரும் உப்பும் கலந்து சின்ன வெங்காயத்தோடு கொடுத்தால் கல்லும் கரையும். பானையை மூடி, மாடிப்படிக்குக் கீழே குளிர்ச்சியாக இருந்த மூலையில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

நெசவாளர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு என்பது எனக்குத் தெரியாது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவை, அதாவது நீளவாட்டு இழைகளை எல்லாம், தெருவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, நீவிக் காயவைப்பார்கள். கஞ்சி ஏறினால்தான் இழை பிரியாமல் தறியைத் தாங்கும். அதற்கு அரிசிக் கஞ்சி வடித்து வைக்கிற இடம் அதே மாடிப்படி மூலை. பாவு நாளன்று யார் முதலில் எழுகிறார்களோ அவர்கள் கேட்காமல் கொள்ளாமல் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அன்று பாவு நாள். சுலோச்சனாவின் கஞ்சி இன்னும் அடுப்பில் இருந்தது. முதலில் எழுந்தவர் குமரேசன்.

நான் மோர்ச் செம்போடு இறங்கி வந்தபோது மூலை காலியாக இருந்தது. வாசலில் ஓர் ஆடு எதையோ ரசித்துத் தின்றுகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். என் சோள நொய்! பிழிந்து உதறிய மாதிரி தரையில் கிடந்தது. நிமிர்ந்தால் தெருவை அடைத்துக்கொண்டு மாம்பழ மஞ்சளில் ஒரு பாவு நீண்டு கிடக்கிறது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று நீவுகிறார்கள். கோலில் மாட்டிய முனையைப் பிடித்தபடி குமரேசன், அவர் காலடியில் என் பானை. கஞ்சியைத் துணியில் வடிகட்டித் தெளித்தே முடித்துவிட்டார்கள்.

"அது என்ற கஞ்சிங்க" என்றேன்.

குமரேசன் விரலை நக்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா, புளிக்குதுண்ணா" என்றார். நடுவில் நின்ற ஏகாம்பரம் இழையைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் நொய்யைத் தீர்த்துவிட்ட ஆடு, வாசம் பிடித்துக்கொண்டு பாவையே நக்க வந்துவிட்டது. குமரேசன் கோலை என் கையில் திணித்தார். "இத புடிமா. வுட்டுடாத, வுட்டா மொத்தமும் சிக்கிக்கும்" என்று சொல்லிவிட்டு ஆட்டை விரட்டிக்கொண்டு ஓடினார். மோர்ச் செம்பு கீழே விழுந்து உருண்டது.

இரண்டு கையிலும் பாவு. விடவும் முடியாது, போகவும் முடியாது. கோபத்துக்கு மட்டும் வழி இருந்தது.

"ஏனுங்க, குடிக்கற கஞ்சிங்க அது. உங்க வாய்க்குன்னு ராவெல்லாம் புளிக்க வெச்சேன். ஒரு வாய் குடிச்சுப் பாக்கோணும்னு தோணலை, நூலுக்கு ஊத்திட்டீங்க. பணியாரம் சுட்டா டாக்டரக் கேக்கோணும்ங்கறீங்க. பொரி நல்லா இருக்குதுன்னீங்க, சோளம்னு சொன்னதும் கைய எடுத்துக்கறீங்க. நானும் வந்த நாளா பட்டு எடுக்க வந்தவளாட்டவே உக்காந்திருக்கறேன். நான் பட்டு எடுக்க வரலீங்க. எம்பட பையனுக்கு உங்க பொண்ணக் கேட்டு வந்திருக்கறனுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. தட்டு இல்லை, பூ இல்லை, பழம் இல்லை. நடுத்தெருவில், எல்லார் கையிலும் பாவு இருக்க, ஒருத்தரும் காதைப் பொத்திக்கொள்ளக்கூட முடியாத நேரத்தில் பெண் கேட்டிருக்கிறேன். வாசலில் பவித்ரா. அவள் பின்னால் அரிசிக் கஞ்சிப் பானையோடு சுலோச்சனா. காரியத்தைக் கெடுத்துவிட்டேன், கார்த்தியிடம் என்ன சொல்வேன்?

ஏகாம்பரம் நிமிர்ந்தார்.

"சாயம் எறங்குமா?"

"என்னங்க?"

"இந்த சோளம். மஞ்சப் பாவு. சாயம் எறங்குமான்னு கேக்கறேன்."

"செஞ்சோளம்னா எறங்கும். இது வெள்ளைச் சோளமுங்க. எறங்காது."

"அப்ப சரி" என்று மறுபடி நீவ ஆரம்பித்தார். இழையைப் பார்த்தபடியே பேசினார்.

"மொத கை போட்டப்பவே தெரிஞ்சிக்கினேன், இது அரிசி இல்லன்னு. கடைக்கு நெய்யற பாவா இருந்தா அப்பவே அலசச் சொல்லியிருப்பேன். இது பவித்ரா கல்யாணத்துக்குன்னு நானே பாத்துப் பாத்து சாயம் போட்ட பாவு. அதனால ஒரு இழைய நீவிப் பாத்தேன். நின்னுது. பக்கத்து இழைய பாத்தேன். அதுவும் நின்னுது. இந்த நிமிஷம் வரைக்கும் பாத்துக்கினுதான் இருக்கேன், ஒண்ணுகூட பிரியல. பட்டே உங்க சோளத்த ஏத்துக்கினு நிக்குது. நான் ஒருத்தன் இன்னாத்துக்கு முறுக்கிக்கினு நிக்கணும்?"

யாரோ சிரித்தார்கள். நான் கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சம்பந்திமா, கொஞ்சம் தளத்திப் புடிங்க. இழை அறுந்துடும்" என்றார்.

கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. சுலோச்சனா பானையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பவித்ரா உள்ளே ஓடினாள், போன் எடுக்கத்தான். தெருமுனையில் வெகுநேரமாகக் காத்திருந்த ஓர் ஆட்டோக்காரர் பொறுமை போய் ஹாரன் அடித்தார்.

ஏகாம்பரம் திரும்பிப் பார்க்காமல், "சுத்திக்கினு போப்பா, சம்பந்தம் பேசிக்கினு இருக்கோம்" என்றார்.